அடப்பங்கொடி இலைக்குக் குளம்பு வந்த கதை

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், கொடியும் பேசும். மனிதர்கள்தான் இப்போதுபோலவே அப்போதும் லேசில் காது கொடுக்க மாட்டார்கள். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் இலை அன்று பிளவு எதுவும் இல்லாமல் வட்டமாக, முழுசாக இருந்தது. ஆடுகள் அதை ருசித்துத் தின்றன. கொடிக்கு அதில் தீராத மனக்குறை.

தெற்குக் கடற்கரையில் கோணத்துறை என்று ஒரு மீன்பிடி ஊர். புனிதர் சந்தியாகப்பரின் கோயில்தான் அந்தக் கிறிஸ்தவப் பங்குக்கு எல்லாம். ஊருக்கு மேற்கே பெரிய செம்மணல் மேடு ஒன்று, தேரி என்பார்கள், கிடந்தது. ஒவ்வோர் ஆடிக் காற்றிலும் அது கொஞ்சம் கிழக்கே நகரும். முதலில் கிணறு தூர்ந்தது. அடுத்து மேலத் தெரு போயிற்று. சோற்றில் மணல், பாயில் மணல், பிரசங்கம் வைக்கச் சாமியார் வாயைத் திறந்தால் அதிலும் மணல். மணலால் ஊருக்கு ஒரு நன்மை என்றால் பிரசங்கம் சுருங்கியதுதான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் சொல்லிவிட்டார். "இனி தாங்காது. வர்ற திருநாள் அன்னைக்கே கிழக்குக் கரைக்குப் போயிருவோம். சந்தியாகப்பரையும் சப்பரத்துலயே கூட்டிக்கிட்டுப் போயிருவோம்."

ஊரே தலையாட்டியது. பிரகாசி மட்டும் ஆட்டவில்லை. அவளுக்கு இரண்டு கவலைகள் இருந்தன.

முதல் கவலை கப்பித்தான். முந்தின வருஷம் புயலில் அவள் புருஷன் இஞ்ஞாசி கடலில் மாட்டிக்கொண்டபோது, "ஆளை உயிரோட கொண்டாந்து சேத்திரும், உமக்கு ஒரு கெடா தாரேன்" என்று சந்தியாகப்பருக்கு நேர்ந்திருந்தாள். இஞ்ஞாசி வந்து சேர்ந்தான். அவள் வாங்கி வளர்த்த குட்டிதான் கப்பித்தான். பீடத்துப் பூவைத் தின்றுவிட்டு, கூப்பிட்டவரை ஏறிட்டும் பார்க்காமல் நடந்து போகும் கிடா. அதைத் திருநாள் அசனத்துக்கு, அதாவது பங்கு மக்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டுக்கு, அறுக்க வேண்டும். கஞ்சி ஊற்றி வளர்த்த கைக்கு அது எப்படி இருக்கும்? ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதான்.

இரண்டாவது கவலை அவள் அம்மா. அம்மா கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றக்கூட இனி வழி தெரியுமா?

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் அம்மாவின் குருசுக்கு, அந்தக் கல்லறைச் சிலுவைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எம்மா, நாளைக்கிப் போறோம். காத்து எல்லாத் தடத்தையும் அழிச்சிரும். நான் எந்த மணலைத் தோண்டி உன்னைத் தேடுவேன்?"

கப்பித்தான் அவளுக்குப் பின்னால் நின்று அடப்பங்கொடியை மேய்ந்துகொண்டிருந்தது.

"ஏ கப்பித்தான், நாளைக்கி நீ கொழம்பு. கடைசி நாள்லயாவது என்னை விட்டுவச்சுப் புண்ணியம் தேடிக்க" என்றது கொடி.

"எனக்கே நாளைக்கி உசுரு இல்ல. உனக்கு நாலு இலை போறதுதான் கவலையா?"

"இந்த ஊர்ல மணலைப் பாத்து ஓடாதவ நான் ஒருத்திதான். மணல் ஏற ஏற நானும் மேல ஏறுவேன். நீங்க மேஞ்சுக்கிட்டே இருந்தா எங்க ஏற?"

கப்பித்தான் மெல்வதை நிறுத்தியது. பிரகாசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்க்க அதற்கு என்னவோபோல் இருந்தது.

"அப்போ ஒரு பேச்சு பேசிக்கிடுவோம்" என்றது. "நாளைக்கி நான் பிழைச்சா, எங்க போறேனோ அந்தக் காலடியெல்லாம் காத்துல கலையாம நீ பிடிச்சு வை. அதைப் பாத்து இவ இங்க வந்து சேரணும். செஞ்சேன்னா எங்க இனத்துல ஒருத்தனும் உன் மேல வாய் வைக்க மாட்டான்."

"பிழைச்சா?"

"ஆமா, பிழைச்சா."

கொடிக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. போனால் இலைதானே என்று சரி சொல்லிவைத்தது.

கோணத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. திருநாளன்று நேர்ச்சை ஆடு மாலை போட்டு முன்னால் நடக்கும், சப்பரம் பின்னால் வரும். நாலு தெருவும் சுற்றி, புறப்பட்ட கோயில் வாசலுக்கே சப்பரம் திரும்பினால்தான் திருநாள் முடிந்ததாகக் கணக்கு. முடிந்த பிறகுதான் ஆட்டை அறுப்பார்கள்.

அன்று சாமியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "ஏலக்கொட்டகை முக்குல வலது பக்கம் திரும்பாதீங்க. இடது பக்கம் கிழக்குக் கரை." எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தாத்தா காலத்திலிருந்து வலப்பக்கமே திரும்பிய கால்கள் அந்த முக்கு வந்ததும் வலப்பக்கமே திரும்பின. மணல்காற்றில் தூக்குகிறவர்கள் கண்ணை இடுக்கித் தலை குனிந்திருந்தார்கள். பாட்டுக்காரர்கள் பாட்டில் இருந்தார்கள். கப்பித்தான் மாலையில் தொங்கிய அரளி போக மீதியைத் தின்றபடி முன்னால் போயிற்று.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே பத்தடி தூரத்தில் கோயில் வாசல். வாசலில் சமையல்காரர் சுவக்கீன் பழக்கதோஷத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

கப்பித்தான் ஒரு நொடி நின்றது. பிறகு சட்டென்று திரும்பி, கோயில் சுவரோரமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து, அங்கிருந்து கிழக்கே நடையைக் கட்டியது. தூக்குகிறவர்களுக்குத் தெரிந்தது அதன் பின்னங்கால் மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டே திரும்பினார்கள். சப்பரம் போனால் ஊர் போக வேண்டாமா? அடுப்பையும் கோழியையும் தூக்கிக்கொண்டு ஊர் போயிற்று. சுவக்கீன் கத்தியோடு கடைசியில் ஓடினார்.

கிழக்குக் கரையில் சப்பரத்தை இறக்கியதும் சுவக்கீன் மூச்சு வாங்கிக்கொண்டு கப்பித்தானின் கழுத்தைப் பிடித்தார்.

"ஓய் சுவக்கீன், சப்பரம் பொறப்பட்ட வாசலுக்குத் திரும்பிட்டா?" என்று கேட்டது கப்பித்தான்.

சுவக்கீன் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் செம்மண்ணாகப் புகைந்துகொண்டிருந்தது. "இல்ல."

"அப்போ திருநாள் எங்க முடிஞ்சுது? முடியாத திருநாளுக்கு அறுப்பு எப்படி?"

சாமியார் மணலைத் துப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஆடு சொல்றதுதான் ஞாயம். விடும்."

"சாமி, அப்போ என் நேர்ச்சை?" என்றாள் பிரகாசி.

"நேர்ச்சை அப்படியே நிக்கி. திருநாள் முடியற அன்னைக்கிக் குடு, போதும்."

பிரகாசி கப்பித்தானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த அழுகை வேறு அழுகை. அன்று அசனத்துக்குக் கத்தரிக்காய் சாம்பார்தான். முணுமுணுத்தவர்கள்தான் மறுசோறு கேட்டு வாங்கினார்கள்.

ஆடிக் காற்று அடங்குவதற்குள் கோணத்துறை மணலில் முழுகிப்போனது. ஐப்பசி மழை பெய்தது. கல்லறைத் திருநாளும் வந்தது. பிரகாசி மெழுகுதிரியோடு புதுக் குடிசையை விட்டு வெளியே வந்தாள். எங்கு பார்த்தாலும் மணல். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றவளை, கப்பித்தான் கொம்பால் லேசாக முட்டியது.

கால் பக்கத்தில் பச்சையாக ஒரு கொடி ஓடியது. கப்பித்தான் குளம்பு பதித்த இடத்திலெல்லாம் கொடி ஓர் இலையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் ஒவ்வோர் இலையும் நடுவில் பிளந்து குளம்பாகவே ஆகியிருந்தது. நடுநடுவே ஊதாப் பூ.

பிரகாசி அதன்மேல் நடந்தாள். ஊர் பின்னால் நடந்தது. கொடி முடிந்த இடத்தில் ஒரு குருசின் தலை மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. கொடி அதைச் சுற்றிப் பிடித்து நின்றது. "எம்மா, வந்துட்டேன்" என்று பிரகாசி திரியை ஏற்றினாள்.

நெடுவழி நடந்ததில் கப்பித்தானுக்குக் கொலைப்பசி. கொடியை முகர்ந்தது, வாயைத் திறந்தது, பேச்சு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் அடப்பங்கொடி இலை ஆட்டுக்குளம்பாக இருக்கிறது, ஆடுகளும் அதில் வாய் வைப்பதில்லை. கோயில் வாசல் மணலுக்கடியில் இருப்பதால், கோணத்துறைத் திருநாளும் இன்னும் முடியவில்லை.