ஆட்சி தேடிப் போன மோர்க்காரி

வெகு காலத்துக்கு முன்னே, ஆறுகள் இரு கரையும் தொட்டு ஓடிய நாளிலே, புன்னைக்குடி என்றொரு ஊர் ராஜா இல்லாமல் தவித்தது. என்ன ஆயிற்று, கேளுங்கள்.

ராஜா வாரிசில்லாமல் கண்ணை மூடிவிட்டார். “புது ராஜா வேண்டும்” என்றது ஒரு கூட்டம். “செல்வந்தர்கள் சேர்ந்து ஆளட்டும்” என்றது இன்னொரு கூட்டம். “ஏன், நாமே ஆண்டால் ஆகாதா?” என்றது மூன்றாவது கூட்டம். பேச்சு முற்றிக் கம்பைத் தூக்கிவிட்டார்கள்.

நல்லவேளையாக யாரோ ஒருவர் குறுக்கே புகுந்தார். “மூன்று விதமாகவும் ஆளும் ஊர்கள் இருக்கின்றனவே! ஆள் அனுப்பிப் பார்ப்போம்.”

மோர்க்காரி சாத்தியை அனுப்பினார்கள். எவர் முகத்துக்கும் அஞ்சாமல் பேசுகிறவள் அவள். ‘எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எல்லா ஆட்சியும் நல்ல ஆட்சிதான். தப்பு நடந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்’ என்று எண்ணிக்கொண்டே நடந்தாள்.

முதல் ஊரை ராஜா ஆண்டார். அங்கே கோட்டை வாசல் குட்டையாக இருந்தது. வைக்கோல் வண்டிகளெல்லாம் வெளியே சுமை இறக்கி நின்றன. சாத்தி நேரே சபைக்குப் போனாள்.

“மகாராஜா, வாசலை யாருக்காகக் கட்டினீர்கள், ஆட்டுக்குட்டிக்கா?”

மந்திரிகள் பதறி எழுந்தார்கள். ராஜாவோ விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே வாசலை இடித்து உயர்த்தச் சொன்னார். சாத்திக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வாயிற்காவலன் அவள் காதருகே குனிந்தான். “பிழைத்தாய் அம்மா! இவருடைய அப்பாவிடம் இப்படிப் பேசியவன் இன்னும் சிறையில் இருக்கிறான். இவருடைய பிள்ளை எப்படியோ!”

இரண்டாம் ஊரைச் செல்வந்தர்கள் சிலர் ஆண்டார்கள். வாய்க்கால் தண்ணீர் முழுக்க அவர்கள் வயலுக்கே பாய்ந்தது. “ஏழைகளின் பயிர் காய்கிறதே ஐயா” என்றாள் சாத்தி. பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பானகம் கொடுத்தார்கள். “யோசிக்கிறோம் அம்மா” என்றார்கள். சாத்தி பல நாள் தங்கிப் பார்த்தாள். பானகம் வந்தது, பாய் வந்தது, வாய்க்கால் மட்டும் திரும்பவேயில்லை.

மூன்றாம் ஊரில் ஊரார் கூடி, தாங்களே ஒரு தலைவரை அமர்த்தி ஆண்டார்கள். அப்பப்பா, என்ன இரைச்சல்! குளத்து மதகு உடைந்து கிடந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் தலைவர் சொன்ன யோசனைக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். அது தப்பு யோசனை! மறுநாளே தண்ணீர் சந்தைக்குள் புகுந்து கத்தரிக்காயெல்லாம் மிதந்தன. ‘இதைவிட மோசமான ஆட்சி உண்டா?’ என்று சாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் மறுபடியும் ஊர் கூடியது. தலைவரைத் திட்டித் தீர்த்து இறக்கிவிட்டு, வேறொருத்தரை ஏற்றினார்கள். மதகைச் சரியாகக் கட்டினார்கள். பழைய தலைவரும் முணுமுணுத்துக்கொண்டே மண் சுமந்தார். யாரும் சிறைக்குப் போகவில்லை.

சாத்தி ஊர் திரும்பி, கண்டதைக் கண்டபடி சொன்னாள். புன்னைக்குடியார் கம்பைக் கீழே போட்டார்கள். கூடி ஆள்வது என்று முடிவாயிற்று. முதல் தலைவியாகச் சாத்தியையே அமர்த்தினார்கள்.

அவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அடைமழைக் காலத்திலும் தண்ணீர்ப் பந்தலில் மோர்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டாள். ஊரே தும்மியது! தும்மிக்கொண்டே கூடியது. தும்மிக்கொண்டே அவளை இறக்கியது.

சாத்தியின் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பலே! நான் பார்த்து வந்த ஆட்சி இதுதான்” என்று சொல்லி, கூட்டத்தோடு போய் உட்கார்ந்து, அவளும் ஒரு தும்மல் போட்டாள்.

ஆகையால் அன்பர்களே, தப்பே செய்யாத ஆட்சி எங்கும் இல்லை. செய்த தப்பை மக்கள் அஞ்சாமல் சொல்லித் திருத்த முடிகிற ஆட்சியே நல்லாட்சி.