மாலுமிகளின் அரிசி மூட்டை

பவளத்துறையை ஆண்ட அதிரவீரருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் தூக்கம் போய்விடும். அந்த வருஷம் ஆசையைக் கிளப்பியவன் கப்பல் வியாபாரி சாத்தப்பன்.

"களஞ்சியத்து நெல்லைக் கொடுத்து என் பட்டுப் பொதிகளை வாங்கிக்கொள்ளுங்கள், அரசே. கடல் கடந்து போய் ஒன்றுக்குப் பத்தாக விற்றுத் தருகிறேன்."

களஞ்சியம் திருமேனியின் பொறுப்பில் இருந்தது. "மழை பொய்த்தால் ஊர் சாப்பிட வைத்த நெல், அரசே," என்றார் அவர்.

"மழைதான் மூன்று வருஷமாகப் பெய்கிறதே. சும்மா கிடக்கும் நெல்லால் என்ன லாபம்? முழுவதையும் கொடும். மறுத்தால் உம் இடத்தில் வேறு ஆள்."

திருமேனி யோசித்தார். வேலை போனால் போகட்டும், ஊர் பட்டுத்துணியையா தின்னும்?

மறுநாள், நெல்லை அளப்பதற்கு முன் பொதிகளை ஏற்றிவிடுவோம் என்று கப்பலுக்குப் போனார். அடித்தட்டில் அரிசி மூட்டைகளும் குடிதண்ணீர்ப் பானைகளும் நிறைந்திருந்தன. மாலுமிகளின் மூன்று மாதச் சாப்பாடு என்றார்கள்.

"சும்மா இடத்தை அடைக்கிறதே. இறக்குங்கள். இன்னும் நாற்பது பொதி ஏற்றலாம்," என்றார் திருமேனி.

சாத்தப்பன் அலறிப் புடைத்துக்கொண்டு சபைக்கு ஓடினான். திருமேனி நிதானமாகப் பின்னால் வந்தார்.

"அரசே, இவர் என் ஆட்களின் அரிசியைக் கரையில் இறக்கிவிட்டார்."

"லாபம் கூடட்டும் என்றுதான்," என்றார் திருமேனி, ஒன்றும் தெரியாதவர் போல.

"காற்று நின்றுபோனால் நடுக்கடலில் பட்டுத்துணியையா தின்பது?"

"காற்றுதான் மூன்று வருஷமாக நன்றாக வீசுகிறதே."

"அதை நம்பியா கிளம்புவது? முதலில் சோறும் தண்ணீரும். மிச்ச இடத்தில்தான் சரக்கு. வயிற்றுக்கு வைக்காமல் லாபம் தேடிப் போகிறவன் வடிகட்டின முட்டாள்."

யார் முன்னால் சொன்னோம் என்பது உறைத்ததும் சாத்தப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அரசரின் முகம் சிவந்தது.

"கடல் வேறு, ஊர் வேறு, திருமேனி," என்றார் வீம்பாக.

"உண்மைதான், அரசே. கப்பலில் சோறு தீர்ந்தால் ஏதாவது ஒரு கரையில் இறங்கிக் கேட்கலாம். நாம் இருப்பதே கரையில். இங்கே தீர்ந்தால் எங்கே போய் இறங்குவது?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார்.

"இரண்டு வருஷச் சாப்பாட்டு நெல்லை யாரும் தொடக்கூடாது, நான் உள்பட. மிஞ்சுவதற்குப் பட்டு வாங்கும்."