டீசல் மூடியில் மெழுகு

ரத்தினவேல் முதலாளியின் டிராக்டரில் தினமும் டீசல் குறைந்தது. "டிரைவர் கொம்பையாதான் திருடுறான்" என்று முதலாளியின் மச்சினன் தனபால் ஓதிக்கொண்டே இருந்தான். முதலாளிக்கும் சந்தேகம் முற்றிப்போனது. ஒரு மாலை கொம்பையாவிடம் சீறினார்.

"திருடத் தெரிஞ்ச கைக்குத் துடைக்கத் தெரியாதா? காலையில வண்டி கண்ணாடி மாதிரி மின்னணும். இல்லேன்னா வேலைக்கு வராதே!"

சேற்றில் உழுகிற வண்டிக்கு மினுமினுப்பா? கொம்பையா அன்று மாலையே வண்டியைச் சேறு போகக் கழுவி, மெழுகு பூசி, பளபளவென்று துடைத்தான். டீசல் மூடியில் பூசியதை மட்டும் துடைக்காமல் விட்டான்.

விடிந்ததும் தனபால் குதித்தான்.

"அத்தான், இவன் லட்சணத்தைப் பாருங்க! மூடியில மெழுகை அப்படியே அப்பி வெச்சிருக்கான். கையெல்லாம் பிசுபிசுங்குது!"

கொம்பையா துணியை நீட்டினான்.

"துடைச்சுக்கோங்க, ஐயா. வண்டி ஓட்டுறது நான். டீசல் மூடியில உங்களுக்கு என்ன சோலி?"