தெரியாது என்று சொன்ன மந்தி

குளத்தில் தண்ணீர் குடிக்கப் போன புள்ளிமான் பாசியில் வழுக்கி விழுந்தது. எழுந்து பார்த்தால் முன்னங்கால் முட்டி வீங்கிக் கிடந்தது.

கோடை நெருங்கிவிட்டது. குளம் வற்றியதும் மான்கூட்டம் மலையைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விடும். நடக்க முடியாத மான் இங்கே தாகத்தில் சாக வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அதற்கு ஒரு வாய் புல் இறங்கவில்லை.

சேதி கேட்டுக் காடே திரண்டு வந்தது. யோசனை சொல்ல யாருக்குத்தான் கசக்கும்?

“நட! நடந்தால்தான் முட்டி இளகும்!” என்றது கரடி.

“அசையாதே! அசைந்தால் ஆயுசுக்கும் நொண்டிதான்!” என்றது முள்ளம்பன்றி.

“சேற்றைப் பூசு! எங்கள் பெரியப்பாவுக்கு ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது!” என்றது காட்டெருமை.

சத்தியம் செய்யாத குறையாக மூன்றும் பேசின. பாவம், மான் மூன்றையும் செய்தது. காலையில் மேடேறியது. மதியம் கட்டைபோலக் கிடந்தது. சாயங்காலம் முட்டியைச் சேற்றில் அமிழ்த்தியது. வீக்கம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

“நீ ஒழுங்காகச் செய்யவில்லை!” என்று அதன்மேலேயே பழியைப் போட்டுவிட்டு மூன்றும் நடையைக் கட்டின.

அப்போது நாவல்மரத்திலிருந்து மந்தி இறங்கி வந்தது. தினமும் கொப்பை ஒடித்து மானுக்குத் தழை போடும் சிநேகிதி அது.

“நீயாவது சொல்லடி, இது குணமாகுமா?” மானின் கண் நிறைந்துவிட்டது.

“எனக்குத் தெரியாது அக்கா!”

மான் திடுக்கிட்டது. ஆனாலும் மனசுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. இத்தனை பேரில் ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாளே!

“எதைச் செய்தபோது வலி குறைந்தது?” என்று கேட்டது மந்தி.

“எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேனே! எப்படித் தெரியும்?”

“அப்படியானால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வலித்தால் சொல்லிவிடு, மறைக்காதே!”

சேற்றால் ஒரு பலனும் இல்லை, விட்டுவிட்டார்கள். படுத்தே கிடந்தால் முட்டி விறைத்தது. மேடேறினால் வீங்கியது. சமதரையில் கொஞ்ச தூரம் நடந்து, வலி கூடுவதற்குள் படுத்துவிட்டால் மட்டும் மறுநாள் தேவலையாக இருந்தது. அதையே பிடித்துக்கொண்டார்கள்.

குளம் வற்றியது. கூட்டம் மலையேறிப் போய்விட்டது. மானின் முட்டி இன்னும் முழுசாகக் குணமாகவில்லை.

“அடிவாரத்தைச் சுற்றிப் போவோம். சமதரைதான், ஆனால் தூரம் அதிகம்,” என்றது மந்தி.

“போய்ச் சேருவேனா?”

“அதுவும் தெரியாது அக்கா. நீ நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன், வா!”

மான் நொண்டியது, நின்றது, படுத்தது, மறுபடி எழுந்தது. மந்தி ஒடித்துப் போட்ட பச்சைத் தழையின் ஈரத்தில் தாகத்தைத் தாங்கிக்கொண்டது. மரத்துக்கு மரம் தாவுகிற மந்தி, தாவாமல் அதன் பக்கத்திலேயே நடந்தது. கூட்டம் போய்ச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் இரண்டும் ஆற்றங்கரைக்கு வந்தன. மான் குனிந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

எல்லாம் தெரிந்ததுபோல் அடித்துச் சொல்பவரைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கடைசிவரை கூட வருபவரே நோயாளிக்கு உற்ற துணை.