முதல் கவளம்

கடற்கரைப் பட்டினம் ஒன்றில் உமையம்மை என்றொரு மருத்துவர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் சேந்தன் ஒருவன்தான் அவரைவிட வயதில் மூத்தவன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு மருத்துவம் படிக்க வந்தவன். அதனால் அம்மை அவனை 'நீர்' என்றுதான் சொல்வார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போகும் வணிகக் கப்பல் ஒன்றில் வைத்தியனாக வரும்படி சேந்தனுக்கு அழைப்பு வந்தது. புறப்படும் முன் அம்மையிடம் போய் நின்றான்.

"அந்நிய மண், அந்நியத் தண்ணீர். நோய் அண்டாமல் திரும்பி வர வழி சொல்லுங்கள், அம்மா."

"தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியும். பழகாத சாப்பாட்டை முதலில் அரை வயிறு சாப்பிடும். வெயிலில் அலையாதேயும். தூக்கம் வந்தால் பெரிய மனிதன் என்று பார்க்காமல் படுத்துத் தூங்கும்."

"இவ்வளவுதானா?"

"நீர் கேட்டதற்கு இவ்வளவுதான்."

அம்மை சொன்னதைச் சேந்தன் அப்படியே கடைப்பிடித்தான். கப்பலில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டபோது அவன் சுக்கு வெந்நீரைக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தான். அவனைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் தேறினார்கள்.

அந்தக் கப்பலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காய்ச்சல் உள்ளவன் கரை இறங்கக் கூடாது. தணியும்வரை கப்பலிலேயே கிடக்க வேண்டும். தீவு தெரிந்ததும் சேந்தன் ஒவ்வொருவராக நாடி பார்த்தான். மாலுமிகள் இருவருக்குக் காய்ச்சல். கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். "கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான்" என்று அவர்களை நிறுத்திவிட்டான்.

வைத்தியனின் நாடியை யார் பார்ப்பது? முந்தின நாளிலிருந்தே அவனுக்கு உடம்பு வலித்தது. கண் எரிந்தது. ஆனால் கரையிலிருந்து புது நெல் அவிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. காய்ந்த அவலைத் தின்று தின்று நாக்குச் செத்துப் போயிருந்தது. லேசான சூடுதானே என்று நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்தான். நெற்றியில் சந்தனத்தை அப்பிக்கொண்டு முதல் படகிலேயே இறங்கிவிட்டான். ஊருக்குத்தான் உபதேசம்!

லாவான் என்ற தீவுக்காரன் வீட்டில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். லாவானும் அவன் மனைவியும் நம் வணிகர்களோடு பழகிப் பழகிக் கொச்சையாகத் தமிழ் பேசுவார்கள். அவர்களுக்கு மெலா என்று ஒரே மகள். முன்பல் விழுந்த வயது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளி உட்கார்ந்ததும் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைப்பார்கள். முதல் கவளத்தை விருந்தாளி அதற்கு ஊட்ட வேண்டும். அப்புறம்தான் அவன் சாப்பிடலாம். விருந்தாளி கையால் உண்ட பிள்ளைக்குப் போகிற இடமெல்லாம் சோறு கிடைக்கும் என்று நம்பிக்கை.

மெலா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். சேந்தன் சோற்றைப் பிசைந்தான். கஷாயத்தின் வேகம் இறங்கிவிட்டது. தன் கை சுடுவது அவனுக்கே தெரிந்தது. 'எனக்குக் காய்ச்சல்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி கப்பலுக்குப் போக வேண்டும். அந்த மாலுமிகளின் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஊட்டினான்.

"சூடு!" என்றாள் மெலா. சோறுதான் சுடுகிறது என்று நினைத்து, அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதித் தின்றாள். அவள் அம்மா சிரித்தாள்.

சேந்தன் அந்த வீட்டிலேயே படுத்து, இருமி, வியர்த்து, சில நாளில் எழுந்துவிட்டான். கடல் அலுப்பு என்று சொல்லிச் சமாளித்தான். அவன் எழுந்த வாரம் மெலா படுத்தாள். அதே கண் எரிச்சல், அதே இருமல். பெரியவனுக்கு வந்துவிட்டுப் போனது சின்ன உடம்பைப் பிடித்து உலுக்கியது. அவனுக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தான். கேட்கவில்லை.

தாய் அவன் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் மழையில் ஆடவிட்டேன், வைத்தியரே. வேண்டாம் என்று அவர் சொன்னார். நான்தான் விட்டேன். அதனால்தானே?"

சேந்தன் அவளைப் பார்க்கவில்லை.

"மழையில் விட்டிருக்கக் கூடாது" என்றான்.

காற்றுத் திரும்பியது. கப்பல் புறப்பட்டது. மெலா கண் திறக்காமல் கிடக்கும்போதே அவன் படகேறினான். லாவான் கரைவரை வந்து, வழிக்கு வைத்துக்கொள்ளும்படி வெந்த கிழங்கைக் கட்டிக் கொடுத்தான். சேந்தனுக்கு அதைத் தொடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

பட்டினத்தில் அவனுக்கு ஏகப்பட்ட புகழ். போனவர்களில் பாதிப் பேர் இளைத்து வந்திருக்க, இந்த மனிதர் போனபடியே வந்திருக்கிறாரே என்று வியந்தார்கள். அவனுக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது.

அம்மையிடம் போனான். அவர் கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். அரைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். கட்டுப்பாட்டை மீறியதைச் சொன்னான். கவளம் ஊட்டியதைச் சொன்னான். பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது என்று சொல்லி அழுதான்.

"இதற்கு என்ன பரிகாரம், அம்மா? கோயிலுக்கு விளக்குப் போடட்டுமா? இனி ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் மருந்து கொடுக்கட்டுமா?"

"கொடும். நல்ல காரியம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

குழவி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அந்தத் தாய் என்ன சொன்னாள்?"

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். இதை மட்டும்தான் அவன் சொல்லாமல் விட்டிருந்தான்.

"சொல்லும்."

"மழையில் விட்டது நான்தான் என்று அழுதாள்."

"நீர்?"

"விட்டிருக்கக் கூடாது என்றேன்."

குழவி நின்றது. திட்டினால் தேவலை என்று சேந்தனுக்கு இருந்தது.

"அந்தப் பக்கம் மறுபடி எப்போது கப்பல் போகும்?"

"காற்று மாறியதும் போகும்."

"அதில் போம்."

சேந்தன் திடுக்கிட்டான். "போய் என்ன செய்வேன், அம்மா? பிள்ளை பிழைத்திருந்தால் அவர்களே மறந்திருப்பார்கள். பிழைக்காமல் போயிருந்தால், நான் சொல்லி அவள் வரப்போகிறாளா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது போல ஆகாதா?"

"வேல் ஏற்கெனவே அந்தத் தாய் நெஞ்சில்தான் இருக்கிறது. அது உம்முடையது, சேந்தரே. போய் வாங்கிக்கொள்ளும்."