முதல் மெத்தைக்குப் போகும் வழி

ஒரு பெண்கள் கல்லூரியில் வெள்ளை மெத்தை ஒன்று இருந்தது. பேஸ்பால் ஆட்டம் நடக்கிற நாளில் மட்டும் அதை வெளியே எடுத்து, தூசி தட்டி, மைதானத்துத் தரையில் பொருத்துவார்கள். சின்னத் தலையணை அளவுதான் இருக்கும். அதுதான் முதல் பேஸ். மட்டை பிடிக்கிறவள் எவ்வளவு பெரிய ஆட்டக்காரியானாலும் முதலில் அங்கேதான் ஓடிவர வேண்டும். பந்து வந்து சேர்வதற்குள் மெத்தையில் கால் வைத்துவிட்டால் பிழைத்தாள். இல்லையென்றால் அவுட்.

மெத்தைக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். மூச்சிரைக்க ஓடிவந்து யாராவது காலை வைத்தால், "வா தாயி, இனி ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லும். பெண்களுக்குக் கேட்காது. ஆனாலும் சொல்லும்.

அந்த அணிக்கு இருந்தது ஒரே ஒரு மட்டை. அலுமினிய மட்டை. மினுமினுப்பும் அதிகம், பெருமையும் அதிகம்.

அன்றைக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட்டம். முதலில் பியூலா வந்து ஒரு வீசு வீசினாள். டங்கென்று சத்தம். பந்து இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து ஓடிற்று. பியூலா முதல் மெத்தைக்கு வந்து சேர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களா மெத்தையக்கா?" என்றது மட்டை, கீழே கிடந்தபடியே. "உங்ககிட்ட வர்றதுன்னா இப்படித்தான் வரணும்!"

"நல்லா அனுப்பி வச்சய்யா. நீ நல்லா இரு" என்றது மெத்தை.

மெத்தைக்குப் பக்கத்திலேயே கோமு நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதே அணிதான். ஓடிவருகிறவர்களுக்கு, "ஓடு, நில்லு, பாத்து" என்று சத்தம் கொடுப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. சும்மா நிற்கிற நேரத்தில் குனிந்து மெத்தையின் மேல் கிடக்கும் மண்ணைக் கையால் துடைத்துவிடுவாள். அதனாலேயே மெத்தைக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

"ஏளா, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டாள் பியூலா.

"ஒண்ணுமில்லளா. எல்லாரும் இங்க ஓடி வாறீய. நான் மட்டும் நடந்து வந்து பக்கத்துல நிக்கேன். இந்த வருசம் பூரா ஒரு தடவகூட இதுல கால் வைக்கல. இன்னைக்கும் அவுட்டானா டீச்சர்கிட்ட டீம் சட்டையக் குடுத்துட்டுப் போயிருவேன்."

"போளா கிறுக்கி."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

மெத்தைக்குப் பகீரென்றது.

ஆட்டம் போகப் போக, பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ரஹ்மத்துக்குப் பந்து எறிந்தவள் நாலு தடவை கோணலாக எறிந்துவிட்டாள். ரஹ்மத் அவசரப்படவில்லை. ஒன்றையும் தொடாமல் பொறுமையாக நின்றாள். நாலு பந்து அப்படிப் போனால் அடிக்காமலே முதல் மெத்தைக்குப் போகலாம். நடுவர் கையைக் காட்ட, மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தே வந்து சேர்ந்தாள்.

"இதெல்லாம் ஒரு வரவா? கடைக்குப் போற மாதிரி நடந்து வாறா!" என்றது மட்டை.

"வாசலுக்கு வந்த பிள்ளைய எப்படி வந்தேன்னு நிறுத்திக் கேக்கச் சொல்லுதியா?" என்றது மெத்தை.

வடிவுக்குப் பந்து தோளிலேயே பட்டது. ஆட்டத்தில் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். அடிபட்டவள் முதல் மெத்தைக்குப் போகலாம். அவள் கண்ணில் தண்ணீரோடு தோளைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். மெத்தை அவளுக்காகக் கொஞ்சம் இளகிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இன்னொருத்தி அடித்த பந்து சோப்புக்கட்டி மாதிரி எதிரணிப் பெண்ணின் கையில் இருந்து வழுக்கிப் போனதால் தப்பித்தாள். கேப்டனோ மட்டையை வீசவே இல்லை. சும்மா குறுக்கே நீட்டி, பந்தை மெள்ளத் தொட்டுக் கீழே விழவைத்து, அவர்கள் ஓடிவந்து எடுப்பதற்குள் பறந்து வந்துவிட்டாள்.

மட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னைய வெளக்குமாறு மாதிரிப் பிடிச்சிட்டாக்கா!"

"சேந்தாளா இல்லையா?"

"சேந்தா. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லா?"

கடைசிச் சுற்று வந்தது. முதல் ஆளாகக் கோமு மட்டையை எடுத்தாள். மெத்தையின் மேல் யாரும் இல்லை. பக்கத்தில் மண்ணைத் துடைத்துவிடவும் ஆள் இல்லை. மெத்தை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டது. 'கடவுளே, இன்ன வழிதான்னு நான் கேக்க மாட்டேன். எந்த வழியிலயாவது இந்தப் பிள்ளைய ஒரு தடவ என்கிட்ட கொண்டு வந்துரு.'

முதல் பந்து. கோமு வீசினாள், படவில்லை. இரண்டாவதும் அப்படியே. "தைரியமா வீசு தாயி, நான் இருக்கேன்" என்றது மட்டை. மூன்றாவது பந்துக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு வீசியதில் காற்றுதான் அடிபட்டது.

மூன்று தடவை தவறினால் அவுட். ஆனால் அதில் ஒரு சின்ன இடுக்கு உண்டு. மூன்றாவது பந்தை, மட்டைக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எதிரணிப் பெண் தன் கையுறையில் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். அது கீழே விழுந்து, முதல் மெத்தையிலும் ஆள் இல்லாமல் இருந்தால், தவறியவள் இன்னும் ஓடலாம். தன் அணி உட்கார்ந்திருக்கும் பந்தலுக்குத் திரும்பிவிட்டால் மட்டும் அதுவும் முடிந்தது.

"ஐயோ, நழுவிருச்சே!" என்று கத்தியது கையுறை. பந்து தரையில் குத்தி, கையுறையின் ஓரத்தில் பட்டு, பின்னால் இருந்த ஆவாரஞ்செடிக்குள் புகுந்துகொண்டது.

மற்றவர்களுக்கு எத்தனையோ முறை, "ஓடுளா ஓடு" என்று கத்தியிருந்த கோமுவுக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. தலையைக் குனிந்தாள். மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தாள். பந்தலில் எல்லாரும் எழுந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"தம்பி, அவள நிறுத்துய்யா!" என்று மெத்தை அலறியது. "நான் கூப்பிட்டாக் கேக்காது. அவ கையில இருக்கது நீதான்."

"நான் தொடாத பந்துக்கு அவ ஓடினா என் பேரு என்னத்துக்குக்கா ஆகும்? மூணு தடவையும் நான்தான தோத்தேன்..."

"உன் பேரு கிடக்கட்டும்டா! பிள்ள போறாளே!"

பந்தலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். மட்டை நிமிர்ந்து பார்த்தது. கோமு அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்திருந்தாள். அவள் கையெல்லாம் வியர்வை. அந்த வியர்வையிலேயே மட்டை சறுக்கிக்கொண்டது. விரல்களை விட்டு உருவி, டங்கென்று விழுந்து, அவள் காலுக்குப் பின்னால் உருண்டது.

எடுக்கத் திரும்பினாள் கோமு. எதிரே ஒருத்தி ஆவாரஞ்செடியை விலக்கிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவர் அவுட் என்று கையைத் தூக்கவில்லை. பந்தலில் இருந்து வந்த கூச்சல் அப்போதுதான் காதில் ஏறிற்று.

"ஏளா கோமு! பந்து கீழ கெடக்குளா! ஓடுளா மூதி!" பியூலாவின் தொண்டை கிழிந்துவிடும் போலிருந்தது.

"என்னைய எடுக்காத" என்றது மட்டை, மண்ணில் கிடந்தபடி. "போ தாயி, போ."

கோமு ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள். பந்து செடியில் இருந்து புறப்பட்டு அவள் தலைக்கு மேலே விர்ரென்று வந்தது. அது வந்து சேர்வதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்னால் அவள் கால் மெத்தையில் விழுந்தது. பிழைத்தாள் என்று நடுவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

எதிரணிப் பெண்ணின் கையில் இருந்த பந்துக்கு ஆறவே இல்லை. "அநியாயமா இருக்கே! மூணு தடவ இவளத் தோக்கடிச்சேன். தோத்தவ எப்படி இங்க நிக்கா? எந்த வழியா வந்தா?"

"மெள்ளப் பேசு" என்றது மெத்தை. "பிள்ளைக்கு மூச்சு வாங்குது."