விரிக்காத கம்பளி

மழை ஓயாத குன்றடி நாட்டை ஒரு காலத்தில் மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் நாக்கில் 'வேண்டாம்' என்கிற சொல் குடியிருந்தது. சரக்குக் கொண்டுவந்தவன் மூட்டையை அவிழ்க்கும் முன்பே அது வெளியே வந்துவிடும். அதற்குத் தாளம் போட உக்கிராணத் தலைவர் வெள்ளையப்பர் பக்கத்திலேயே இருந்தார். அரண்மனைச் சாமான்களெல்லாம் அவர் பொறுப்பு. பட்டைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் துணியாகவே தெரியாது.

அவருக்கு அமைச்சர் காரிநாதர் மேல் தீராத எரிச்சல். எந்த முடிச்சையும் பேச்சாலேயே அவிழ்ப்பவர் என்று ஊரே ஒருவரைப் புகழ்ந்தால், பக்கத்தில் நிற்பவருக்கு வயிறு எரியாதா?

ஒரு மழைக்காலக் காலையில் மாதையன் சபைக்கு வந்தான். மலைச்சரிவில் ஆடு மேய்த்துக் கம்பளி நெய்யும் குடிகளுக்கு அவன்தான் தலைவன். தோளில் மடித்துப் போட்டிருந்த கம்பளியை அவன் கீழே இறக்கக்கூட இல்லை.

"முரட்டுக் கம்பளி சாமி. குத்தும். மழையில ஆட்டு வாடை வரும். அரமணைக்கு ஆகாதுதான்..." என்று இழுத்தான்.

"ஆகாதென்று நீயே சொல்கிறாய். எனக்கு எதற்கு? வேண்டாம்," என்றான் ராஜா.

சபை சிரித்தது. வெள்ளையப்பர் எழுந்தார். "நம் அமைச்சர் கல்லிலும் நார் உரிப்பாராமே, மகாராஜா. இதைத் தங்களிடம் விற்றுக் காட்டட்டுமே."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். "அமைச்சரே, நாளைக்குள் இதை என் வாயாலேயே கேட்க வைக்க வேண்டும். வென்றால் என் பீதாம்பரம் உமக்கு. தோற்றால் உம் முத்திரை மோதிரம் வெள்ளையப்பருக்கு."

"ஆகட்டும் அரசே," என்றார் காரிநாதர்.

வாசலில் மாதையன் நின்றிருந்தான். "வயித்துக்கு வழியில்ல சாமி. இங்க விக்கலேன்னா கணவாயைத் தாண்டிப் போயிடறதுன்னு எங்க சனங்க முடிவு பண்ணிட்டாங்க."

"ஒரு நாள் பொறு மாதையா. கம்பளியை என்னிடம் விட்டுப் போ."

"சரிங்க சாமி," என்றான். நம்பாதவர்கள் சொல்லும் சரி அது. நம்ப அவனுக்குக் காரணமும் இல்லை. போன மழைக்காலத்திலும் இதே வாசலில் நின்று, 'ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று அவன் கேட்டிருந்தான். 'பார்க்கலாம்' என்று அமைச்சர் சொன்னதோடு சரி.

மறுநாள் காலை ராஜா கோட்டை மதிலைப் பார்வையிடப் போனான். தூறலும் வாடைக்காற்றும். பட்டுச் சால்வை நனைந்து உடம்போடு ஒட்டியது. வெள்ளையப்பரின் பற்கள் கிடுகிடுத்தன. காரிநாதர் மட்டும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தார்.

"உமக்குக் குளிரவில்லையா?" என்றான் ராஜா.

"குளிரவில்லை அரசே. ஆனால் குத்துகிறது."

கொஞ்ச தூரம் போனதும், "உள்ளே நனையவில்லையா?"

"ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் ஆட்டு வாடை. தங்களுக்கு ஆகாது."

"கனமும் இருக்குமே?"

"இருக்கிறது. அதனால்தான் காற்று இதை அசைக்கமாட்டேன் என்கிறது. தங்களுக்கு வேண்டாத சரக்கு அரசே."

ராஜா நின்றுவிட்டான். "குத்தினால் குத்தட்டும் ஐயா. வாடையாவது மண்ணாவது. கொடும் இப்படி."

சொன்ன பிறகுதான் தோற்றது அவனுக்கு உறைத்தது. வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தபடி திரும்பியவன் கண்ணில், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நடுங்கும் காவலர்கள் பட்டார்கள். சிரிப்பு நின்றது. "மலைக்குடிகள் நெய்வது அத்தனையும் இனி கோட்டைக்கு வரட்டும். வெள்ளையப்பரே, இந்த மழைக்காலம் முழுவதும் உம் பட்டைப் போர்த்திக்கொண்டு நீரும் இவர்களோடு காவல் நில்லும்."

நல்ல செய்தியைத் தாங்களே சொல்ல வேண்டுமென்று ராஜாவும் அமைச்சரும் மலைச்சரிவுக்குப் போனார்கள். குடிசைகள் காலி. பட்டியில் ஓர் ஆடு இல்லை. சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்: "விடியறதுக்கு முந்தியே போயிட்டாங்க சாமி. 'சபையே சிரிச்சுது, இனிமே ராஜா வாங்கவா போறாரு'ன்னு மாதையன் சொன்னான்."

கணவாய்க்கு அப்பால் அயல்நாடு. துரத்திப் போன குதிரைக்காரர்கள் எல்லைக்கல் வரை போய்த் திரும்பினார்கள்.

"தன் சரக்கைத் தானே ஏன் ஐயா பழித்தான்?" என்றான் ராஜா.

"அது அவர்கள் வழக்கம் அரசே. தன் கம்பளியைத் தானே புகழ்ந்தால் மந்தைக்குக் கண்ணேறு படும் என்று நம்புகிறார்கள். குறையைச் சொல்லி நிறுத்துவார்கள். 'அப்படிச் சொல்லாதே, விரித்துக் காட்டு' என்று வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்."

"உமக்கு இது முன்பே தெரியுமா?"

"தெரியும். போன மழைக்காலமே தங்களிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டான்."

"ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் வேண்டாமென்பீர்கள் என்று நினைத்தேன்."

"சொன்னேனா?"

எல்லோருடைய மறுப்பையும் அவிழ்க்கத் தெரிந்தவருக்குத் தன் மனசுக்குள் கிடந்த மறுப்பு தெரியாமல் போயிற்று. காரிநாதர் தலைகுனிந்தார். "இல்லை அரசே. நான் கேட்கவே இல்லை."

ராஜா சொன்னபடி பீதாம்பரத்தை நீட்டினான். அவர் வாங்கவில்லை. அன்றுமுதல் அந்தச் சபைக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் ராஜா முதலில் சொன்னது, "விரித்துக் காட்டு." எத்தனையோ பேர் வந்தார்கள், விரித்தார்கள், விற்றார்கள். மாதையன் வரவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும், இருந்த ஒரே கம்பளியைக் கோட்டைக் காவலர்கள் முறைபோட்டுப் போர்த்திக்கொண்டார்கள்.